முருகைப் பாரும் சுழியோடிகளும்

சுழியோடி என்ற சொல்லைக் கேட்டதும் ஈழத்துத் தமிழ் நேயர்களின் நினைவில் எழுவோர் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களே ஆவர். கல்லைக் கட்டிய கயிற்றிலே காலை ஊன்றி, ஒரே மூச்சை நெஞ்சில் அடக்கிக் கீழே இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைத்து மேலே வருதல் அவர்களது தொழில். கடலின் அடியைக் கண்டு வியந்து நிற்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. எடுத்துவருவதற்காகவே அவர்கள் கீழே சென்றார்கள். எதையும் எடுக்காமல், காண்பதற்காக மட்டும் மனிதன் கடலடிக்குச் செல்லும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. அவ்வாறு காணச் சென்றவர்களின் சொல், உலகின் மிகப் பெரிய முருகைப் பாரை அழிவு நெருங்கிய ஒரு வேளையிலே காத்து நின்றது. அந்த வரலாறு கேட்கத் தக்கது.

முருகைக்கல் இந்நாட்டவருக்குப் புதியதன்று. நெடுந்தீவிலே வேலிக்குப் பதிலாக முருகைக்கற்களை அடுக்கி மதில் எழுப்பியிருப்பதைக் காணாதவர் சிலரே. சுண்ணாம்புச் சூளைக்கும் அது இரையாகியுள்ளது. இத்துணை வன்மையான கல்லை ஆக்கியது, விரல்நுனியிலும் சிறிய ஓர் உயிர் என்பதைத்தான் நம்புதல் அரிது. பார்வைக்குப் பூவைப் போன்ற அவ்வுயிர், கடல் நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்கு ஒரு கிண்ணம் கட்டி அதனுள் வாழ்கின்றது. அதன் உடலுக்குள்ளே இன்னும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பகலிலே சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தமக்கு இடந்தந்த உயிருக்கு ஊட்டுபவை இப்பாசிகளே. முருகைகளின் நிறமும் பெரும்பாலும் இக்குடியிருப்பாளரால் வருவதே. இந்தச் சிறு கூட்டுறவு குலைந்தால் என்ன நிகழும் என்பதைப் பின்னர் காணலாம்.

அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கரையோரமாக ஏறக்குறைய 2,300 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வுயிர்கள் கட்டிய பார்கள் பரந்து கிடக்கின்றன. கொழும்பிலிருந்து பருத்தித்துறைக்கு உள்ள தூரத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அது. கிறேற் பரியர் றீவ் என ஆங்கிலத்தில் வழங்கும் இந்தப் பெருந்தடுப்புப் பார் ஒரே மதிலன்று. ஏறக்குறைய 3,000 தனித்தனிப் பார்களின் தொகுதியாகும். ஏக்கர்க் கணக்கிலே பெருக்கிக்கொண்டு போவதிற் பயனில்லை. விண்ணிலிருந்து நோக்கினாலும் தெரியும் பரப்பு என்பது போதும்.

கடலோடிகளுக்கு அது நெடுங்காலம் மரணப் பொறியாகவே இருந்தது. 1770ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் திகதி இரவு, கப்பித்தான் குக் செலுத்திய எண்டெவர் என்னும் கப்பல் அதிலே மோதி ஏறிக்கொண்டது. ஆறு பீரங்கிகளையும் பாரச் சுமைகளையும் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்கினார்கள். கப்பல் மிதந்தபோது, உடைந்த முருகைத் துண்டொன்று துவாரத்திலேயே செருகிக்கொண்டு நீர் புகுவதைக் குறைத்திருந்தது. ஓட்டையை இட்ட பாரே ஓட்டையை அடைத்தும் உதவிற்று. எறியப்பட்ட பீரங்கிகள் கடலடியிற் கிடந்து, 1969ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்டன. ஆனால் குக்கும் அவருடைய மாலுமிகளும் தாம் மோதிய பொருளின் அழகைக் கண்டாரல்லர். மேலிருந்து நோக்குவோர்க்கு அது நுரைக்கும் அலையும் பழுப்புநிற நிழலுமே.

காணாமைக்குக் காரணம் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி புகும்போது அது வளைந்து குவிகின்றது. கண் நேரே நீரைத் தொடும்போது அந்த வளைவு பெரும்பாலும் இல்லாமற்போக, யாவும் கலங்கித் தெரிகின்றன. கண்ணுக்கும் நீருக்கும் இடையிலே ஒரு பிடி காற்றை நிறுத்தி, அதன்முன் ஒரு தட்டைக் கண்ணாடியை வைத்தால் பார்வை மீள்கின்றது. சுழியோடியின் முகக் கண்ணாடி செய்வது இவ்வளவே. ஒரு சிறு பொய்யும் அது சொல்லும். பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தினும் அணித்தாகவும் தோன்றும். கரைக்குத் திரும்பியபின் கண்ட மீனின் நீளத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொல்பவர்கள் அல்லர்.

முகக் கண்ணாடியோடு வாயிலே கவ்விக்கொள்ளும் ஒரு வளைந்த குழாய், காலிலே இறப்பர்ச் செட்டை, இவை மூன்றும் இருந்தால் நீர்மட்டத்திற் குப்புற மிதந்தவாறே பாரைக் காணலாம். இதனை ஸ்நோர்க்கல் என்பர். குழாய் ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கின்றது என்று புதிதாகக் கற்பவர்கள் வினவுவதுண்டு. பழங் கதைகளிலே நாணற் குழாயை வாயில் வைத்து ஆற்றின் அடியில் ஒளிந்திருந்த வீரர்கள் வருகிறார்கள். அது கதைக்கே பொருந்தும். சிறிது ஆழம் சென்றாலும் நீரின் அமுக்கம் நெஞ்சை நெருக்க, மேலேயுள்ள காற்றை உள்ளிழுக்கும் வலிமை விலாவுக்கு இல்லாமற்போகும்.

இவ்வாறு மிதப்பவர் முதலில் உணர்வது காட்சியை அன்று, ஒலியை. காது நீருள் அமிழ்ந்ததும், அடுப்பிலே எண்ணெய் பொரிவதுபோன்ற ஓயாத சடசடப்பு எழும். அது ஒருவகைச் சிற்றிறாலின் கொடுக்கு நொடிக்கும் ஓசை. அதனிடையே கரும்பைக் கடிப்பதுபோலக் கேட்பது கிளிமீன் முருகையைக் கறும்பும் ஓசையாகும். கிளியின் அலகு போன்ற பல்லாற் பாசியைச் சுரண்டும் அம்மீன், சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கி அரைத்து, வெண்மணலாகக் கழிக்கின்றது. பவளத் தீவுகளின் பளிங்கு போன்ற கடற்கரை மணலிலே ஒரு பெரும் பங்கு இவ்வாறு மீனின் குடல் வழியாக வந்தது என்று கேட்டால், அங்கே வெறுங்காலுடன் உலாவுவோர் சற்றுத் திகைப்பர்.

பின்பு கண் பழகும். மான்கொம்பு போலக் கிளைத்தவை, மனித மூளையைப்போல மடிந்தவை, மேசைபோலப் பரந்தவை என முருகைகள் உருவங் கொள்ளும். கிளைத்தவை ஆண்டுக்குப் பத்துச் சதமமீற்றருக்கு மேலும் வளர்வதுண்டு. உருண்டு திரண்டவை ஆண்டுக்கு ஒரு சதமமீற்றர் வளர்ந்தாலே பெரிது. ஆதலால் ஆளுயரப் பாறையாய் நிற்கும் ஒரு முருகை, அதன்மேல் மிதப்பவரின் பாட்டனார் பிறக்குமுன்பே அங்கு இருந்தது எனக் கொள்ளலாம். இரண்டாள் சேர்ந்தாலும் தூக்கவியலாத இராட்சதச் சிப்பி நீலமும் பச்சையுமான தன் உதடுகளை விரித்துக் கிடக்கும். நிழல் பட்டதும் மெல்லச் சுருங்கும். சற்று அப்பால், பெரிய மீன்கள் வாயைத் திறந்து அசையாமல் நிற்க, விரலளவான துப்புரவு மீன் உள்ளே புகுந்து பற்களுக்கிடையே உள்ளவற்றைத் தின்று வெளிவரும். விழுங்க வல்லது விழுங்காமல் நிற்பதும், விழுங்கப்படக்கூடியது அஞ்சாமல் நுழைவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள்.

எச்சரிக்கையும் வேண்டும். வட குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில் ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுடைய சொறிமுட்டைகள் உலாவுகின்றன. அம்மாதங்களில் உடல் முழுவதையும் மூடும் மெல்லிய உடையின்றி இறங்குவதை அங்குள்ளோர் அனுமதிப்பதில்லை. அழகிய கூம்புச் சங்கு கையிலெடுப்பவரைக் கொல்ல வல்லது. எதையும் தொடாதிருத்தல் பாருக்கும் நலம், தொடுபவருக்கும் நலம்.

மேலும் ஆழத்தே செல்ல விரும்பியவருக்கு வழி திறந்தது 1943ஆம் ஆண்டிலாகும். பிரான்சிய கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும் எமீல் கன்யான் என்னும் பொறியியலாளரும், முதுகிற் சுமக்கும் உருளையிலிருந்து சுவாசிப்பவருக்கு வேண்டிய காற்றை, அவர் இழுக்கும்போது மட்டும், அவ்வாழத்தின் அமுக்கத்துக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் கருவியை அமைத்தனர். உருளையில் இருப்பது, பலர் எண்ணுவதுபோல், தனி ஒட்சிசன் அன்று. பெரும்பாலும் அது நெருக்கி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே.

இக்கருவியைப் பூண்டவர் மனப்பாடம் செய்யவேண்டிய முதற்கட்டளை, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதாகும். முத்துக் குளிப்பவரின் முதற்கட்டளைக்கு இது நேர்மாறானது. காரணம் எளிது. பத்து மீற்றர் ஆழத்திலே அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அக்காற்று இருமடங்காய் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். குளிப்பவரோ மேற்பரப்பின் காற்றையே கீழே கொண்டுசென்று மீண்டும் கொண்டுவருகிறார். அவருக்கு அந்த ஆபத்து இல்லை. இரண்டாவது கட்டளை, மெல்ல ஏறு என்பது. ஆழத்திலே குருதியிற் கரைந்த நைதரசன், விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழியாகி மூட்டுகளையும் நரம்பையும் வருத்தும். ஆதலால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறாமல், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்கி வருதல் இப்போது வழக்கமாயுள்ளது. சுழியோடியவர் அன்றே விமானம் ஏறுவதுமில்லை.

ஆழத்திலே நிறம் ஒவ்வொன்றாய் விடைபெறும். முதலிற் போவது சிவப்பு. கையிற் கீறல் விழுந்தாற் குருதி கரும்பச்சையாய்த் தோன்றும். விளக்கொன்றை ஏற்றிப் பிடித்தால், சாம்பல் நிறமெனக் கிடந்த பாறை செம்மையும் மஞ்சளுமாய்ச் சுடர்விடும். உடலோ எடையற்று மிதக்கின்றது. இந்த எடையின்மைதான் விண்வெளிக் கதைகளை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் என்பவரைக் கடலுக்கு இழுத்தது. அவர் பெருந்தடுப்புப் பாரில் சுழியோடுவதற்காக அவுஸ்திரேலியா செல்லும் வழியில், 1954ஆம் ஆண்டு டிசெம்பரிலே கொழும்பில் இறங்கினார். 1956இல் தம் நண்பர் மைக் வில்சனோடு இந்நாட்டுக்கே குடிவந்து, திருகோணமலையிலே, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைச் சுவாமிமலையின் அடியில், கடலுக்குள்ளே கண்டார்கள். பெரும்பாரைக் காணப் பழகிய கண்கள் இங்கே கண்டவை அவை.

இனி, முதலிற் குறித்த வரலாற்றுக்கு வருவோம். 1967ஆம் ஆண்டிலே குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர், எலிசன் பார் என்னும் பாரை வெட்டி, வயலுக்கு உரமாகச் சுண்ணாம்பு எடுக்க அரசிடம் உரிமம் கேட்டார். பார் இறந்துவிட்டது, இறந்ததை வெட்டுவதாற் கேடில்லை என்பது அவருடைய வாதம். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே கரையிலிருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கக்கூடும். சூளையிலே சுண்ணாம்பு சுட்ட எந்த ஊரிலும் இவ்வாதம் கேட்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பாரை வெட்ட உரிமை அளித்தால், மற்றவையும் அவ்வழியே செல்லும். அக்காலத்திலே பாரின் பெரும்பகுதி எண்ணெய் தேடும் உரிமங்களுக்கும் உட்பட்டுக் கொண்டிருந்தது.

பிங்கில் குடாவில் வாழ்ந்த ஜோன் பஸ்ற் என்னும் ஓவியர் ஆட்சேபம் தெரிவித்தார். அவரோடு கவிஞர் யூடித் றைற் அம்மையாரும், காட்டு விஞ்ஞானியான லென் வெப்பும் சேர்ந்தனர். ஓர் ஓவியர், ஒரு கவிஞர், மழைக்காடுகளை ஆராய்ந்த ஒருவர். இவர்களுக்குப் பார்மேல் அன்பு இருந்தது. ஆனால் விசாரணையிலே அன்பு சாட்சியாகாது. பார் இறந்ததா, இருக்கின்றதா? இதற்கு விடை கடலடியிலேதான் இருந்தது.

குவீன்ஸ்லாந்துக் கரையோரச் சங்கம் என்னும் புதிய சங்கத்தைச் சேர்ந்த இளஞ் சுழியோடிகள் வடக்கே சென்று எலிசன் பாரில் இறங்கினார்கள். கண்டவற்றை எண்ணிக் குறித்தார்கள். உயிருள்ள முருகைகளில் 88 வகை. மீன்களில் 190 வகை. இனிஸ்வெயில் நகரில் நடந்த விசாரணையிலே அக்கணக்குச் சாட்சியமாயிற்று. உரிமம் மறுக்கப்பட்டது.

கரையில் நின்றவர் இறந்தது என்றார். கீழே சென்றவர் இருக்கின்றது என்றார். அவ்விருவருள் எவர் கண்டவர் என்பதே அங்கே தீர்ப்பாயிற்று. முருகை இறந்துபோன பாகத்திலும்கூட மீன் முட்டையிடும், புதிய முருகை பற்றிப் பிடிக்கும், நண்டு குடிபுகும். இறந்த பாகம் என்பது அங்கே ஒரு வீட்டின் சுவர். சுவருக்கு உயிரில்லை என்பதற்காக வீட்டாரைக் கேளாமல் அதை எவரும் இடிப்பதில்லை.

அந்த ஒரு விசாரணையோடு சண்டை முடியவில்லை. எண்ணெய்க் கம்பனிகளின் முயற்சி தொடர்ந்தது. 1970இல் தொழிற்சங்கங்கள் துளையிடும் வேலைக்குத் தடை விதித்தன. பொதுமக்களின் எதிர்ப்பும் வலுத்தது. ஜோன் பஸ்ற் 1971இலே காலமானார். தாம் தொடங்கியதன் முடிவை அவர் காணவில்லை. 1975ஆம் ஆண்டிலே பாரைக் கடற்பூங்காவாக்கும் சட்டம் அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்திலே நிறைவேறியது. 1981இல் அது உலக மரபுரிமைச் சொத்தாயிற்று.

ஏறக்குறைய அதே காலத்திலே சுழியோடிகள் இன்னொன்றையும் கண்டார்கள். முருகைகள் குஞ்சுகளைத் தம்முள்ளேயே வளர்த்து வெளியிடும் என்று நூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 1980களின் தொடக்கத்தில் இளம் ஆராய்ச்சியாளர் சிலர் இராக்காலத்திலே விளக்குடன் இறங்கிக் காத்திருந்தார்கள். வசந்தகாலத்துப் பூரணை கழிந்த சில இரவுகளில், பற்பல இன முருகைகள் ஒரே வேளையில் முட்டைகளையும் விந்தையும் இளஞ்சிவப்பு மணிகளாக நீரிலே விட்டன. மழை கீழிருந்து மேல்நோக்கிப் பெய்வதுபோன்ற காட்சி அது. ஆயிரமாயிரம் ஆண்டாய் ஆண்டுதோறும் நடந்துவந்த இத்திருவிழாவை விஞ்ஞானம் அறியாதிருந்ததற்குக் காரணம், அந்த இரவுகளில் அங்கே எவரும் விழித்திருந்து பார்க்கவில்லை என்பதே.

முட்கிரீடம் என்னும் நட்சத்திர மீனின் படையெடுப்பு வேறொரு தொல்லை. 1962ஆம் ஆண்டளவில் கிறீன் தீவருகே முதன்முதல் அது பெருந்தொகையாகக் காணப்பட்டது. முருகையின் மென்சதையைத் தின்று வெள்ளை எலும்பை விட்டுச் செல்லும் அதனை, இன்று சுழியோடிகள் ஒவ்வொன்றாகத் தேடி, ஊசிமூலம் வினாகிரியோ பித்த உப்போ ஏற்றிக் கொல்கிறார்கள். கீரைப் பாத்தியிற் புழுப் பொறுக்கும் வேலை போன்றது அது. பொறுமை வேண்டும்.

ஆனால் ஊசியால் தீராத தொல்லை வெப்பம். 1928ஆம் ஆண்டிலே யங் என்னும் பிரித்தானிய விஞ்ஞானியின் தலைமையில் லோ தீவுகளிலே தங்கி ஓராண்டளவு ஆராய்ந்த குழுவினர், முருகையை வெதுவெதுப்பான நீரில் வைத்தபோது அது தன்னுள் வாழ்ந்த பாசியை வெளியேற்றிவிடுவதைக் கண்டிருந்தனர். அவர்கள் தொட்டியிலே செய்த பரிசோதனையைப் பின்னர் கடலே செய்துகாட்டியது. கோடையின் மிகுந்த வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை கூடிச் சில வாரம் நின்றாற் போதும். சமைத்துத் தருவோரை முருகை வெளியேற்றிவிடும். நிறமிழந்து பனிபோல வெளுக்கும். வெளுத்தது அப்போதே இறந்ததன்று, பட்டினி கிடக்கின்றது. வெப்பம் தணிந்தால் மீளும், தணியாவிடின் மடியும். 1998இலும் 2002இலும் பாரிலே பரந்த வெளுப்பு நிகழ்ந்தது. 2016 முதல் 2024 வரையான ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆழங்குறைந்த நீரிலுள்ள முருகைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் மடிந்தன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துவரும் உலகத்தின் வெப்பம் அது. எலிசன் பாரிலே போலத் தடுத்து நிறுத்த அங்கே தோட்டக்காரர் ஒருவர் இல்லை.

அந்த ஆண்டிலேயே ஓர் அமெரிக்கச் சஞ்சிகை பெருந்தடுப்புப் பாருக்கு இரங்கற் குறிப்பு எழுதியது. உலகெங்கும் அது படிக்கப்பட்டது. 1967இலே தோட்டக்காரர் சொன்னதையே, வேறு நோக்கத்தோடு, அதுவும் சொல்லிற்று. பாரை நாள்தோறும் காண்பவர்கள் மனம் நொந்தார்கள். இறந்தது என்று சொல்லிவிட்டாற் காக்கவேண்டிய கடமையும் முடிந்துவிடுகின்றது என்றார்கள் அவர்கள். 2022இல் எடுத்த கணக்கிலே பாரின் வட பகுதியிலும் நடுப்பகுதியிலும் 36 ஆண்டுக் கணக்கெடுப்பிற் காணாத அளவுக்கு உயிருள்ள முருகை மீண்டிருந்தது. விரைந்து வளரும் கிளை முருகைகளே அவற்றுட் பெரும்பாலானவை. விரைந்து மடிவனவும் அவையே. 2024ஆம் ஆண்டின் வெளுப்புக்குப் பின், 2025இல் வெளிவந்த கணக்கு மறுபடியும் பெருவீழ்ச்சியைக் காட்டியது.

இக்கணக்கு எடுக்கப்படும் முறை மிக எளியது. டவுன்ஸ்வில் நகருக்கு அருகேயுள்ள கடல் விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்தோர் சிறு படகொன்றின் பின்னாற் கயிறு கட்டி, அதன் நுனியிலே ஒரு பலகையைப் பிணைக்கிறார்கள். முகக் கண்ணாடியும் ஸ்நோர்க்கல் குழாயும் அணிந்த ஒருவர் பலகையைப் பற்றிக்கொண்டு குப்புற மிதப்பார். படகு பாரின் விளிம்பைச் சுற்றி மெல்ல இழுத்துச் செல்லும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை படகு நிற்கும். உயிருள்ளது எவ்வளவு, வெளுத்தது எவ்வளவு, மடிந்தது எவ்வளவு, முட்கிரீடங்கள் எத்தனை என்று, பலகையில் மாட்டியுள்ள தாளிலே பென்சிலால் அவர் எழுதுவார். எழுதியதும் கையை உயர்த்துவார். படகு மீண்டும் நகரும்.